மூன்றாம் சரணம் உட்காரவில்லை

தேரிக்காட்டுச் செம்மணல் ஊர்ந்து ஊர்ந்து வந்து ஒரு கிணற்றையும், கிணற்றடியில் கட்டியிருந்த கிடாவையும், கிடாவைத் தேடிப்போன மாப்பிள்ளையையும் தின்றுவிட்டு ஏப்பம் விட்டது என்பதை நம்புகிறவர்கள், மிஸ்பாவிளை வேதக்கோவிலில் ஒரு பாட்டின் மூன்றாம் சரணம் உட்கார மறுத்து நின்றுவிட்டதையும் நம்பித்தான் ஆகவேண்டும். இரண்டையும் சொல்கிறவன் நான் ஒருவன்தான். ஒன்றில் பொய்யன் என்றால் மற்றதிலும் பொய்யன்.

எங்கள் கோவிலில் ஒரு பழக்கம் உண்டு. உங்கள் கோவிலிலும் இருக்கும், ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். குருவானவர் பாட்டின் எண்ணைச் சொல்வார், சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாகச் சபையை ஒருமுறை பார்த்து, "ஒன்று, இரண்டு, கடைசி" என்பார். உடனே பெண்கள் பக்கமும் ஆண்கள் பக்கமும் பாரம் இறங்கின மாதிரி எழுந்து நிற்கும். காணிக்கைப் பை சுற்றிவரும்போது பாடுகிற பாட்டு ஒன்று எங்களுக்கு உண்டு. முதல் சரணம் மழைக்கு நன்றி, இரண்டாம் சரணம் விளைச்சலுக்கு நன்றி, கடைசிச் சரணம் பரலோகத்தில் நாம் உடுத்தப்போகிற வெள்ளை அங்கி. மூன்றாம் சரணத்தை எங்கள் அப்பா பாடிக் கேட்டதில்லை, அவருடைய அப்பா பாடியும் கேட்டதில்லை. ஏன் என்றால் நேரமில்லை என்பார்கள், பிரசங்கம் நீளம் என்பார்கள், வீட்டில் அடுப்பில் கறி கிடக்கிறது என்பார்கள். ஆனால் பாட்டுப்புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும்:

ஆசை வைத்த யாவையும்
ஆண்டவா, நீர் கேட்டிடில்
பேச்சின்றித் தந்திடுவேன்,
பெற்ற பிள்ளை ஆயினும்.

காணிக்கைப் பாட்டில் கொடுப்பதைப்பற்றி இருந்தது அந்தச் சரணம் ஒன்றில்தான். அதைத் தாண்டிக் குதித்து வெள்ளை அங்கிக்குப் போய்விடுவது எங்களுக்குக் காலில் ஏறிய பழக்கமாகிவிட்டது.

அது நடந்த ஞாயிற்றுக்கிழமை மழையுமில்லை, இடியுமில்லை, ஒரு சொப்பனமும் யாருக்கும் வந்திருக்கவில்லை. கடைசிச் சரணம் பாடி, ஆமென் சொல்லி, சபை உட்கார்ந்தது; ராகம் உட்காரவில்லை. ஹார்மோனியம் வாசிக்கிற உபதேசியார் நவமணிதான் இழுக்கிறார் என்று எல்லோரும் அவரைப் பார்க்க, அவர் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார், போலீஸ்காரனைக் கண்ட சாராயக்காரன் மாதிரி. பெட்டி மூடியிருந்தது. ராகம் மட்டும், வார்த்தை இல்லாமல், நடுப்பாதையில் ஆள் உயரத்தில் நின்றுகொண்டு, நாலு வரியையும் ஒழுங்காகப் போய் முடித்து, பிறகு ஒரு மூச்சு இழுத்தது. ராகத்தையாவது ஒருவன் பொறுத்துக்கொள்ளலாம். அந்த மூச்சு இருக்கிறதே, பக்கத்தில் நிற்கிற ஆள் விட்டுப்போன சரணத்தை நம்மோடு சேர்ந்து பாடுவதற்கு நாம் தொடங்கட்டும் என்று காத்துக்கொண்டு இழுக்கிற மூச்சு, அதைக் கேட்டவுடனே பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் தங்கள் பிள்ளைகளைத் தேடினார்கள்.

ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வர, அதுவும் வந்தது.

மிஸ்பாவிளைக்காரர்கள் பயந்தார்கள், பயந்துகொண்டே பிழைப்பையும் பார்த்தார்கள். பீடி சுற்றுகிற பெண்கள் அதன் தாளத்துக்கு இலை வெட்டினார்கள். டீக்கடைக்காரர் மூன்றாம் வரி மேலே ஏறும்போது டீயை ஆற்றிக் கையைத் தூக்கினார், நாலாம் வரி இறங்கும்போது கிளாசில் விட்டார். தொட்டில் பிள்ளைகள் தாலாட்டு கேட்காமல் தூங்கின, கோழிகள் ஒவ்வொரு மூச்சுக்கும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கிண்டின. மேலத்தெருவிலிருந்து சுடலைமாடன் கோவில் கொடைவிழா நடத்துகிறவர்கள் மரியாதையாக வந்து, "அண்ணாச்சி, எங்க சாமியாடி ஒங்க தாளத்துக்கு ஆடுதாரு. அருவாளைத் தூக்கவேண்டிய எடத்துல கையைக் கூப்புதாரு. சீக்கிரமா பாடி முடிச்சு விடுங்க" என்று கேட்டுக்கொண்டு போனார்கள். எல்லாவற்றுக்கும் ஜனங்கள் தலையாட்டினார்கள். ஆனால் எந்த வீட்டிலும் யாரும் யாரையும் "கண்ணே" என்று கூப்பிடவில்லை; யார்மேல் ஆசை வைத்திருக்கிறோம் என்பது அதற்குக் கேட்டுவிடக்கூடாது என்று, தாய்மார்கள் பிள்ளைகளைச் சனியனே, மூதேவி என்றே அழைத்துச் சோறு ஊட்டினார்கள்.

முதலில் துணிந்தவர் ரிட்டையர்டான தலைமையாசிரியர் அருமைநாயகம் சார். அவருக்குப் பிள்ளையில்லை, மனைவியும் காலமாகிவிட்டார், ஆகவே எடுக்க என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, ஊர் பார்த்திருக்கக் கோவில் நடுப்பாதையில் நின்று, சரணம் முழுவதையும் ஒரு எழுத்துப் பிசகாமல் பாடினார். ராகம் அவரோடு அடக்கமாகக் கூடவே போயிற்று. அவர் முடித்ததும், மூச்சு இழுத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கிற்று. சபைப் பாட்டு ஒற்றை ஆள் பாடி முடிகிறதில்லை என்று அதற்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் அவர் கண்ணாடி பார்த்தபோது மீசை இல்லை. சிரைத்த அடையாளம்கூட இல்லை, பிறந்த குழந்தையின் மேலுதடு மாதிரி இருந்தது. காப்பி போட்டால் வாசனை வரவில்லை. தெருவுக்கு வந்தால், எதிரே வந்தவர்கள் வாயைத் திறந்து, "வணக்கம்" என்று சொல்லி, அடுத்த வார்த்தைக்கு நாக்கைத் தேடிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். ஊரில் ஒருவராலும் அவரைச் 'சார்' என்று கூப்பிட முடியவில்லை. அந்த ஒற்றைச் சொல் அவரைப் பார்த்த மாத்திரத்தில் தொண்டையிலிருந்து காணாமல் போயிற்று. நான் அவர் வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தபோது, அவர் மேலுதட்டைத் தடவிக்கொண்டே, எடுத்ததைவிட, தான் ஆசை வைத்தது இவ்வளவுதான் என்று தெரிந்ததுதான் வெட்கமாக இருக்கிறது என்றார்.

ஊர் வேறு கணக்குப் போட்டது. மீசைமேல் ஆசை வைத்தவனிடம் மீசையை எடுத்தவர், பிள்ளைமேல் ஆசை வைத்தவளிடம் எதை எடுப்பார்? அன்று முதல் தாய்மார்கள் சேலை முந்தியில் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டே குழாயடிக்குப் போனார்கள்.

இந்த இடத்தில் எப்சிபாவைச் சொல்லவேண்டும். கீழத்தெருவில் பீடி சுற்றுகிறவள், புருஷன் லாரியோடு வடக்கே போனால் மாசக்கணக்கில் வரமாட்டான். பெண்கள் பக்கத்தில் அவள் குரல் எழும்பினால்தான் மற்றக் குரல்களுக்குப் பிடி கிடைக்கும். கண்ணை மூடிக்கொண்டு பாடுவாள், பாடும்போது பக்கத்தில் பாம்பு வந்தாலும் தெரியாது. பெற்றது மூன்று. மூத்ததைக் காய்ச்சலும் நடுவில் பிறந்ததைக் குளமும் கொண்டுபோயின. இரண்டு அடக்கத்துக்கும் அடுத்த ஞாயிறு அவள் அதே பெஞ்சில் வந்து நின்று பாடினாள். ஊர் அதைப் பெரிய விசுவாசம் என்று சொல்லிக்கொண்டது. மீந்தவள் கெத்சியாள், பல் விழுந்து முளைக்கிற வயசு. ஒற்றைப் பிள்ளையாகிப்போன பிள்ளை.

அந்த ராகம் தெருத்தெருவாகப் போய்விட்டு எப்சிபா வீட்டு வாசலுக்கு வரும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகும். பிடித்த பாடகி வீட்டைக் கடக்கிறவன் நடையைக் குறைக்கிற மாதிரி. கெத்சிக்கு அது விளையாட்டாகிவிட்டது; தின்பண்டம் தின்றுகொண்டே கூடச்சேர்ந்து முனகுவாள், ஒருநாள் முனகலை நிறுத்திவிட்டு, "எம்மா, இந்தப் பாட்டுக்கு வார்த்தை என்ன?" என்று கேட்டாள். எப்சிபாவின் மடியிலிருந்த முறமும் இலையும் தூளும் தரையில் சிதறின. பாட்டுப்புத்தகத்தை எடுத்து அரிசிப்பானைக்குள் புதைத்தாள். பிறகு, புதைக்கிற கை யாருடையது என்று பார்க்கிறவர் பார்த்துக்கொண்டுதானே இருப்பார் என்று நினைத்து, எடுத்துத் துடைத்து மறுபடி அலமாரியில் வைத்தாள்.

அன்று சாயங்காலம் அவள் உபதேசியார் நவமணியைத் தேடிக் கோவிலுக்கு வந்தாள். நான் வெளியே வேப்பமரத்தடியில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். காது எனக்குப் பிறவியிலேயே கொஞ்சம் நீளம்.

"ஐயா, பாடினா எடுத்துருவாரா?"

"தெரியலம்மா."

"பாடாம இருந்தா?"

"அதுவும் தெரியல."

"பெறகு ஒங்களுக்கு என்னதான் தெரியும்?"

நவமணி நல்ல மனுஷன், பொய் வராது. "ராகம் தெரியும்" என்றார்.

கமிட்டி கூடிற்று. குருவானவர் தலைமையில் பேசிப் பேசி, டீ குடித்து, மறுபடி பேசி, மிஸ்பாவிளைக்காரர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு யோசனைக்கு வந்து சேர்ந்தார்கள். ஒற்றை ஆளாய்ப் பாடினதால்தானே அருமைநாயகம் மாட்டிக்கொண்டார், வருகிற அசனப் பண்டிகையில், ஊர் முழுக்கக் கூடிச் சாப்பிடுகிற அந்த ஞாயிற்றுக்கிழமையில், சபையார் அத்தனை பேரும் ஒரே குரலாகப் பாடிவிட்டால் எந்தக் குரல் யாருடையது என்று எவருக்குத் தெரியும்? கொடுப்பதாகச் சொன்னது சபை; சபைக்குப் பிள்ளை ஏது? எல்லோரும் மெச்சினார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் ஒவ்வொருவரும் தனித்தனியே இன்னொன்றும் யோசித்தார்கள்: இத்தனை பேர் பாடும்போது நான் ஒருத்தன் சும்மா வாயை மட்டும் அசைத்தால் என்ன குறைந்துவிடும்? நானும் யோசித்தேன். எனக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எப்சிபாவும் யோசித்தாள். ஆனால் அவளுக்கு வாயசைக்கத் தெரியாது. ராகம் தொடங்கினால் அவள் கண் தானாக மூடிக்கொள்ளும், வாய் தானாகத் திறந்துகொள்ளும், அது அவள் வசத்தில் இல்லை. வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றால், எல்லோரும் கோவிலில் இருக்கிற நேரத்தில் அந்த மூச்சோடு பிள்ளையைத் தனியாக வைத்துக்கொண்டு இருக்கவேண்டும். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு போகலாம் என்று ஒருமுறை கட்டிப் பார்த்தாள். கெத்சி சிரித்தாள். அவிழ்த்துவிட்டாள்.

அசன ஞாயிறு வந்தது. பந்தலில் செம்புக் கொப்பரைகளில் ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்தது, பாய்களில் சோறு குன்றாகக் கிடந்தது, வெளியூர் போயிருந்த பிள்ளைகளெல்லாம் வந்திருந்தார்கள், கோவில் நிறைந்து வராந்தாவும் நிறைந்தது. எப்சிபா தன் பெஞ்சில், கெத்சியின் மணிக்கட்டைத் தன் மணிக்கட்டோடு முந்தியால் சுற்றிக் கட்டிக்கொண்டு நின்றாள். காணிக்கைப் பாட்டின் எண்ணைச் சொன்ன குருவானவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார், சபையைப் பார்க்கவில்லை. "எல்லாச் சரணங்களும்" என்றார்.

மழைக்கு நன்றி சொல்லும்போது ஓடு அதிர்ந்தது. விளைச்சலுக்கு நன்றி சொல்லும்போது கொப்பரையடியில் நின்ற சமையல்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். பிறகு, நடுப்பாதையில் நின்றது மூச்சு இழுத்தது. ஆயிரம் வாய்கள் திறந்தன, மூடின, திறந்தன, மூடின, தண்ணீர் வற்றின குளத்து மீன்களைப்போல, ஒரு சத்தமும் இல்லாமல். அந்த மௌனத்தின் நடுவில், கண்களை மூடிக்கொண்டு, எப்சிபா ஒருத்தியின் குரல் மட்டும் எழும்பிற்று.

ஆசை வைத்த யாவையும்
ஆண்டவா, நீர் கேட்டிடில்

இரண்டு வரி போனபிறகுதான் தன் குரலைச் சுற்றி ஒன்றுமில்லை என்று அவளுக்கு உறைத்தது. இருட்டில் படி இறங்குகிறவள் இல்லாத படியில் காலை வைத்தது போல் நின்றாள். கண்ணைத் திறந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டிருந்த முகங்கள் ஒவ்வொன்றாகத் தலை குனிந்தன. என் முகமும்தான். ராகம் அவளுக்காக இரண்டாம் வரியின் கடைசியில் அப்படியே நின்றது, மூச்சு விடாமல்.

பின்பெஞ்சிலிருந்து யாரோ ஒரு மதினி, பாதியில் விட்டால் ஊருக்கே கேடு, முடித்துவிடு என்று கிசுகிசுத்தாள். ஆண்கள் பக்கத்திலிருந்தும் அதே மாதிரி ஒரு முனகல் வந்தது. எப்சிபா எங்களில் ஒருவரையும் பார்க்கவில்லை. நடுப்பாதையில் ஆள் உயரத்தில் வெறுமையாக இருந்த இடத்தைப் பார்த்துப் பேசினாள், கதவைத் தட்டினவரிடம் பேசுகிற மாதிரி.

"ரெண்டு பிள்ளையக் கேக்காமலே கொண்டு போனீரு. அப்பவும் வந்து பாடினேன். மனசாரப் பாடினேன்னு இவ்வளவு பேரும் நெனச்சாவ. இல்ல. பாடாம இருந்தா இதையும் எடுத்துருவீரோன்னு பயந்து பாடினேன். இப்ப மொதத் தடவையா கேக்கீரு. கேட்டதுக்குப் பதில் சொல்லுதேன்."

அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டு, ராகத்தைச் சிதைக்காமல், விட்ட இடத்திலிருந்து எடுத்தாள்:

பேச்சின்றித் தரமாட்டேன்,
பெற்ற பிள்ளை ஆயிற்றே.

பயம் என்றால் அதுதான் பயம். ஓடு இடிந்து விழும் என்று பார்த்தவர்கள் உண்டு, பூமி பிளக்கும் என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. அவளுக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் மெல்ல மெல்ல நகர்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில், தீப்பற்றிய குடிசையைச் சுற்றி விடுகிற இடைவெளி மாதிரி ஒரு வட்டம் விழுந்தது, அதன் நடுவில் தாயும் பிள்ளையும் நின்றார்கள். நெருப்பு எங்கிருந்து வரும் என்று தெரியாமல் எல்லோரும் கெத்சியையே பார்த்தோம்.

"ஏட்டி, இருக்கியா?" என்றாள் எப்சிபா, கண்ணைத் திறக்காமல்.

"இருக்கேம்மா."

"இருக்கியா?"

"இருக்கேம்மா, கை வலிக்கி."

அப்போது ராகம் மூச்சு விட்டது. விட்டு, எப்சிபா பாடின அந்தக் கடைசி வரியை அவள் பாடினபடியே திருப்பிப் பாடிற்று. இத்தனை நாளும் வார்த்தையில்லாமல் நின்றதற்கு அன்றுதான் குரல் வந்தது. தாழ்ந்த குரல், வயசான குரல். 'பெற்ற பிள்ளை' என்கிற இடத்துக்கு வந்தபோது அது உடைந்தது. எங்கள் சபையில் பிள்ளையை அடக்கம் பண்ணினவர்கள் பலர் இருந்தார்கள். அந்த உடைசல் அவர்களுக்குத் தெரியும். துக்கம் விசாரிக்கப் போனவர்கள் தொண்டையிலிருந்து அது வருவதில்லை. குருவானவர், ஒரே பிள்ளையைக் கொடுத்தவர் யார் என்று அப்போதுதான் உறைத்தவர் மாதிரி, பலிபீடத்துக்கு மேலே இருந்த சிலுவையைத் திரும்பிப் பார்த்தார், பார்த்துவிட்டு முகத்தை அங்கியின் கையால் மூடிக்கொண்டார்.

பிறகு அது மறுபடி வார்த்தையை விட்டுவிட்டு, முதல் வரியிலிருந்து, பொறுமையாக, எங்களுக்காகத் தொடங்கிற்று.

அருமைநாயகம் வட்டத்துக்குள் வந்து எப்சிபாவின் பக்கத்தில் நின்றார். தான் முன்னே பாடினது பெருமைக்காகத்தான் என்றும், மீசை போனதில் வருத்தம்தான் என்றும், அந்த ராகத்துக்குள் அடங்குகிற அளவில் பாடினார். டீக்கடைக்காரர் எதையும் தருவேன் என்று சொல்லமாட்டேன், கேட்டால் யோசிப்பேன் என்றார். பிள்ளையை அடக்கம் பண்ணின ஒரு தகப்பன், பாடுகிற நிலையில் இல்லாமல், ஏன், ஏன், ஏன் என்று மட்டும் சொன்னான், அதற்கும் தாளம் தவறாமல் ராகம் கூடவே போயிற்று. குருவானவர் தனக்கு இந்தச் சரணத்தைப் பார்த்தாலே பயம் என்றும், அதை மறைக்கத்தான் நேரமில்லை என்று சொல்லிவந்ததாகவும் பாடினார். நானும் பாடினேன். என்ன பாடினேன் என்பது உங்களுக்குத் தேவையில்லை. அது ஒன்றில் மட்டும் பொய் கலக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தாங்கள் பாடமாட்டோம் என்று சொன்னவர்களும், அப்படிச் சொன்னதே அந்த ராகத்தில் விழுந்ததைக் கேட்டுத் திகைத்தார்கள். ஒருவருடைய வார்த்தையும் இன்னொருவருடைய வார்த்தையும் ஒத்துப்போகவில்லை, ஆனால் ஊரில் அன்றுவரைக்கும் அப்படி ஒரு சேர்ந்திசை கேட்டதில்லை.

கடைசி ஆளும் பாடின பிறகு, நெடுநேரம் நின்றவர் உட்காருகிற மாதிரி, அது உட்கார்ந்தது. எங்கே என்று தெரியவில்லை. யாரும் உடனே வெளியே போகவில்லை. சோறு ஆறிப்போயிருந்தது.

பந்தலில் இலை போட்டார்கள். எப்சிபா முந்திக் கட்டை அவிழ்க்காமலே, ஒற்றைக் கையால் பிசைந்து கெத்சிக்கு ஊட்டினாள். ஒவ்வொரு வாயும் உள்ளே போய், தொண்டை அசைந்து இறங்குகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் அடுத்த வாய் எடுத்தாள். நான் எதிர்ப்பந்தியில் இருந்தேன், கறி கேட்கிற சாக்கில் காதைக் கொடுத்தேன்.

"எம்மா, பயந்துட்டியா?"

"இப்பவும் பயமாத்தான்ட்டி இருக்கு. நாளைக்கும் இருக்கும்."

"அப்போ அவருகிட்டப் போயி எதுக்கு அப்படிச் சொன்ன?"

எப்சிபா பிள்ளையின் வாயோரத்துப் பருக்கையைத் துடைத்தாள்.

"வேற யாருகிட்டப் போய்ச் சொல்ல?" என்றாள்.